டிசம்பர் 26: நான் தேக்காவில் இருந்தேன்

நம் நாகூர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

போன வாரம் நம் மடற்குழுவில் கோலாலம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "சுனாமி அன்னைக்கு நீங்கள்லாம் எங்கே இருந்தீங்க?" அவருக்கு அப்போது இரண்டு வயதாம். துபாய், பாரிஸ் என்று நாலைந்து பேர் இரண்டு வரியில் பதில் போட்டிருந்தார்கள். எனக்கு இரண்டு வரியில் முடியவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2004-இல் நான் சிங்கப்பூரில், லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில், ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே எப்படி இருக்கும் என்று இருந்தவர்களுக்குத் தெரியும். கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை பார்க்கிற நம் ஆட்கள் தீவு முழுவதிலிருந்தும் வந்து சேருவார்கள். அரிசி பருப்பைவிட அன்று டெலிபோன் கார்டுதான் அதிகம் ஓடும். கார்டை வாங்கி, காசால் பூச்சைச் சுரண்டி, நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்தி, இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டு ஊரோடு பேசுவார்கள். சுரண்டிய தூள் கடை வாசல் முழுக்கச் சாம்பல் மாதிரி கிடக்கும். ராத்திரி அடைக்கும்போது நான்தான் கூட்டுவேன்.

அன்று சிங்கப்பூர் நேரம் காலை ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் பூமி நடுங்கியது. ஊரில் அப்போது ஆறரை மணி. சிங்கப்பூரில் சில அடுக்குமாடிகளிலும், சென்னையிலும்கூட ஆட்டம் தெரிந்ததாகப் பிறகு படித்தேன். நான் கீழே வெங்காய மூட்டை பிரித்துக்கொண்டிருந்தேன்; எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அலை நம் கரைக்கு வந்து சேர அதற்கப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பசிபிக் கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது, நம் கடலுக்கு இல்லை. ஹைதராபாத்தில் அதற்கென்று மையம் வந்ததே 2007-இல்தான். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை. நம் கரையோர மீனவர் பகுதியான பட்டினச்சேரியில் வலை பிரித்துக்கொண்டிருந்திருப்பார்கள். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த ஜனம் கடலில் கால் நனைத்துக்கொண்டிருந்திருக்கும். ஓடுங்கள் என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால், ஓடக்கூட வேண்டாம், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேற்கே நடந்தே போயிருக்கலாம்.

கடைக்குச் சேதி வந்தது பகல் பன்னிரண்டு மணிவாக்கில். நாகப்பட்டினத்துப் பையன் ஒருவன் கார்டைத் திருப்பிக் கொண்டுவந்து, "அண்ணே, லைன் போகல, வேற கார்டு குடுங்க" என்றான். வேறு கொடுத்தேன். அதுவும் போகவில்லை. அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். அப்புறம் யாருக்கோ கிடைத்து, "கடல் ஊருக்குள்ள வந்துடுச்சாம்" என்றார்கள். புயலாக இருக்கும், மார்கழிதானே, பயப்படாதே என்று நான் அந்தப் பையனுக்குத் தைரியம் சொன்னேன். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அதுவரை சுனாமி என்ற சொல்லே தெரியாது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடை டிவியில் படம் வந்த பிறகுதான் நெஞ்சு அடைத்தது.

வாப்பாவுக்கு ஒரு பழக்கம். சுபுஹு தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சில்லடிக் கடற்கரைக்குப் போய்ச் சேக்காளிகளோடு பேசிக்கொண்டிருப்பார். பத்து மணிக்குத்தான் வருவார். எனக்கு அந்த மணல்தான் கண்ணில் நின்றது.

மூன்று மணிக்கெல்லாம் கடையில் ஒரு கார்டுகூட இல்லை. முதலாளி தன் கைபேசியை எடுத்து என்னிடம் கொடுத்தார். எங்கள் வீட்டு நம்பர், எதிர்வீட்டு நம்பர், தர்கா பக்கத்து எஸ்.டி.டி. பூத், எதுவும் போகவில்லை. அந்தப் பையன் வாசல் படியில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தான். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. அவனிடம் நான் சொன்ன "பயப்படாதே" என்ற வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு அவனை நான் பார்க்கவே இல்லை.

ராத்திரி பத்தரைக்கு எதிர்வீட்டு லைன் கிடைத்தது. உம்மா வந்து, "உங்க வாப்பா இருக்காக" என்றார்கள். வேறு ஒன்றும் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. சைக்கிள் பஞ்சராகி, ஒட்டுகிறவர் கடையில் நின்றிருக்கிறார். கடற்கரைப் பக்கமிருந்து ஜனம் ஓடி வருவதைப் பார்த்துச் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நம் தெருக்களில் பெரும்பாலோர் பிழைத்தோம். கரையில் குடியிருந்தவர்கள் பிழைக்கவில்லை. நம் தர்கா நிலத்தில் குழி வெட்டி, எந்த மதம், எந்த ஊர் என்று பார்க்காமல் அடக்கினார்கள். வாப்பாவும் இரண்டு நாள் அங்கே போய் நின்றார். அதைப் பற்றிக் கடைசிவரை எங்களிடம் பேசியதில்லை. 30-ஆம் தேதி மறுபடியும் வருகிறது என்று புரளி கிளம்பி ஊரே ஓடியபோது, முழங்கால் வலியோடு உம்மாவும் ரயிலடி தாண்டி ஓடியிருக்கிறார்கள்.

உம்மாவின் கதை ஒன்றுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்குத் தினமும் பட்டினச்சேரியிலிருந்து ஒரு மீன்காரம்மா வருவார். நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்தே வருகிறவர். திண்ணையில் கூடையை இறக்கிவைத்து, தலையிலிருந்த சும்மாட்டைப் பிரித்து முகம் துடைத்துக்கொண்டு, உம்மா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டுத்தான் விலையே சொல்வார். 25-ஆம் தேதி சனிக்கிழமை எழுபது ரூபாய்க்குக் கிழங்கான் கொடுத்திருக்கிறார். உம்மாவிடம் ஐம்பதுதான் இருந்திருக்கிறது. "இருக்கட்டும்மா, நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்று போனவர்தான்.

மற்றவர்கள் வீடு வாசல் போனதைப் பேசிக்கொண்டிருந்தபோது உம்மா அந்த இருபது ரூபாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். கடன் கடன்தானே, அதுவும் மௌத்தானவரின் கடன். நான் ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் அதே பேச்சு. ஜனவரியில் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு, ஜனங்களைத் தங்கவைத்திருந்த கல்யாண மண்டபத்துக்குப் போயிருக்கிறார்கள். போய் என்னவென்று விசாரிப்பது? அத்தனை வருடம் எங்கள் திண்ணையில் டீ குடித்தவரின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மீன்காரம்மா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். "எங்க தெருவுல மீன் விக்கிறவங்க, நெத்தியில பச்சை குத்தியிருக்கும்" என்று தரையில் விரித்திருந்த ஒவ்வொரு பாயாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். கடைசியில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் எழுந்து நின்று, "எங்க அம்மாதான்" என்றாளாம்.

இருபது ரூபாயை அந்தப் பெண் வாங்க மாட்டேன் என்று சொல்ல, உம்மா அவள் கையைப் பிடித்து வைத்துவிட்டு, "உங்க உம்மா பேரு என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று முதல் உம்மா மௌத்தாகும் வரை துஆவில் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லிவந்தார்கள். எங்கள் வீட்டில் அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் மீன் வாங்கவில்லை.

அந்த மகள் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார். ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருவேன். அவரிடம் கேட்காமல் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. கேட்டுவிட்டு அடுத்த மடலில் எழுதுகிறேன்.

தம்பி கேட்டதற்குப் பதில் எழுதுகிறவர்கள் அன்று எங்கே இருந்தீர்கள் என்பதோடு, உங்கள் வீட்டு வாசலுக்கு அன்றைக்கப்புறம் வராமல் போனவர்களைப் பற்றியும் எழுதுங்கள். மீன் கொண்டுவந்தவர், இறால் கொண்டுவந்தவர், உப்பு விற்றவர். பெயர் தெரிந்தால் பெயரோடு. தெரியாவிட்டால் எந்தத் தெருவுக்கு வருவார், எப்படி இருப்பார் என்றாவது எழுதுங்கள். ஜனவரியில் நான் ஊருக்குப் போகிறேன், இன்ஷா அல்லாஹ். பட்டினச்சேரியில் கேட்டுப் பார்க்கிறேன்.