நண்பகலில் இன்வேர்ட்டர் அணைந்துவிடுகிறது: குறை எங்கே?

கேள்வி
யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கூரையில் 5 கிலோவாற்று சூரியப் படலங்களைப் பூட்டி ஒரு வருடமாகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 அலகு தந்த தொகுதி, மாசி மாதத்திலிருந்து நல்ல வெயில் எறிக்கும் நாட்களில்தான் குறைவாகத் தருகிறது. 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் இன்வேர்ட்டர் (படலங்களின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) பலமுறை அணைந்து, சில நிமிடங்களில் தானாகவே மீண்டும் தொடங்குகிறது; அணையும்போது திரையில் 254 வோல்ற்று தெரிகிறது. கிணற்றடி மோட்டார் ஓடும்போது மட்டும் அணைவதில்லை. பூட்டித் தந்தவர்கள் தூசு என்கிறார்கள். இரண்டு தடவை கழுவியும் பயனில்லை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டிருந்ததே, இதுவும் அவ்வாறானதா? அம்மாவின் ஓய்வூதியச் சேமிப்பில் பூட்டியது என்பதால் மனம் கலங்குகிறது.

பதில் 1
இன்வேர்ட்டர் அணைவதற்கான மின்னழுத்த மேல் எல்லையைக் கூட்டிவிடச் சொல்லுங்கள், அணையாது.

பதில் 2
தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். அந்த எல்லை உங்கள் வீட்டுப் பொருட்களையும் அயல்வீட்டுப் பொருட்களையும் காப்பதற்காக உள்ளது. விடுமுறைக் கோரிக்கை நாடு முழுவதும் மின்பாவனை குறைந்ததால் எழுந்தது. உங்களுடையது உங்கள் கம்பிவழியில் எழுவது. மோட்டார் பற்றிய குறிப்பிலேயே விடை இருக்கிறது. வீட்டில் செலவாகாத மின்சாரம் வயர் வழியாக வெளியே போக வேண்டும். வயரின் தடையை மீறித் தள்ளுவதற்கு இன்வேர்ட்டர் தன் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது; அது எல்லையைத் தாண்டியதும் அணைந்துவிடுகிறது. மோட்டார் ஓடும்போது வெளியே போவது குறைவதால் அணைவதில்லை. 5 கிலோவாற்று என்றால் ஏறத்தாழ 22 அம்பியர். 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் 40 மீற்றர் தூரம் ஓடினால், போக வர 80 மீற்றரிலும் சேர்த்து 8 வோல்ற்று வரை ஏறும். நண்பகலில் இன்வேர்ட்டரிலும் மின்மானியடியிலும் ஒரே நேரத்தில் அளக்கச் செய்து, பின்னர் இன்வேர்ட்டரை நிறுத்தி மீண்டும் அளந்து எழுதுங்கள். அளப்பவர் தகுதியுள்ள மின்பணியாளராக இருக்கட்டும்.

கேட்டவர்
நன்றி ஐயா. ஓடும்போது இன்வேர்ட்டரில் 254, மின்மானியடியில் 246. நிறுத்தியதும் இரண்டிலும் 241. வயரின் உறையில் 4 என்றே பொறித்திருக்கிறது, நீளமும் நீங்கள் சொன்ன அளவுதான்.

பதில் 2
அப்படியானால் படலங்களில் குறையில்லை. வயரை 10 சதுர மில்லிமீற்றருக்கு மாற்றினால் அந்த 8 வோல்ற்று ஏறத்தாழ 3 ஆகும். இன்வேர்ட்டர் 249 அளவில் நிற்கும். ஆனால் இலங்கையில் வழங்கலுக்கான மேல் எல்லை 230 வோல்ற்றுக்கு மேல் 6 சதவீதம், அதாவது ஏறத்தாழ 244. உங்கள் மின்மானியடியில் 246 இருப்பதால், அளவுகளைத் திகதியோடும் நேரத்தோடும் எழுதி, பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்தில் கொடுத்து, மின்மாற்றியின் அழுத்த நிலையையும் உங்கள் இணைப்பு மூன்று கட்டங்களில் (phase) எதில் உள்ளது என்பதையும் பார்க்கக் கேளுங்கள். அதுவரை தண்ணீர்த் தாங்கி நிரப்புவதையும் துணி துவைப்பதையும் நண்பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்
வயரை மாற்றி நான்கு நாட்களாகின்றன. நண்பகலில் 249, ஒருமுறைகூட அணையவில்லை. நேற்று 20 அலகு வந்தது. கடிதத்தை நாளை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.