பானேரோ என்றால் கூடை இல்லை, பெரியம்மா

எஸ்பராண்டோ என்ற செயற்கை மொழியைக் கற்றுக்கொள்ளப் போய் வீட்டில் மாட்டிக்கொண்ட கதை இருந்தால் எழுதுங்கள். என்னுடையது இது.

மொரிஷியஸின் ரோஸ்ஹில்லில் நாங்கள் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல். தமிழ் பள்ளியிலும் கோவில் வகுப்பிலும் வந்தது. எஸ்பராண்டோ நானாகத் தேடிக்கொண்ட கிறுக்கு. போன மாதம் பெரியம்மா வீட்டில் மாலைத் தேநீர், மேசையெல்லாம் ரொட்டித் துணுக்கு. அன்று காலைதான் அந்தச் சொல்லைப் படித்திருந்தேன். "பெரியம்மா, பானேரோ!" என்று காட்டினேன். அவர் பேசாமல் எழுந்துபோய் சந்தைக் கூடையைக் கொண்டுவந்து வைத்தார். கிரியோலில் கூடைக்கு 'பன்யே' என்றுதானே சொல்வோம்!

'பானோ' என்றால் ரொட்டி. நடுவில் 'ஏர்' என்ற ஒட்டு நுழைந்தால் அதில் ஒரே ஒரு துணுக்கு. சாப்லோ மணல், சாப்லேரோ ஒரு மணல் துகள். ஃபாய்ரோ தீ, ஃபாய்ரேரோ தீப்பொறி. எஸ்பராண்டோவை உருவாக்கிய சமன்ஹோஃப் 1887இல் வார்சாவில் முதல் நூலை வெளியிட்டதிலிருந்தே வழி இதுதான்: வேர்ச்சொல் கொஞ்சம், மிச்சத்தை ஒட்டுகள் பார்த்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சோத்துப் பருக்கை மாதிரியா?" என்றார் பெரியம்மா. அதேதான். ரீசோ அரிசி, ரீசேரோ ஒரு மணி அரிசி. "அப்போ ரொட்டிப் பருக்கைக்குத் தமிழில் என்ன?" அங்கே விழித்தேன். துணுக்கு, துகள், தூள் எல்லாம் எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும். கட்லெட்டில் புரட்டுவது ரொட்டித் தூள், சரி. தட்டோரம் உதிர்ந்து கிடப்பதற்கு? பருக்கை சோற்றுக்கு மட்டுமே சொந்தம். காலையும் மாலையும் ரொட்டி தின்கிற எங்களுக்கு இது தோன்றாமலே இருந்திருக்கிறது.

பெரியம்மா பக்கமும் நியாயம் உண்டு. 'பன்யே' வந்தது பிரெஞ்சிலிருந்து. அதற்கும் மூலம் லத்தீனில் ரொட்டிக் கூடையைக் குறித்த சொல்.

போர்ட் லூயிஸிலிருந்து:
நான் மாட்டியது 'ஏட்'டில். அது சிறியதைக் குறிக்கும் ஒட்டு. பேனா நண்பருக்கு "மேசை முழுக்க பானேட்டோ, என் பையன் வேலை" என்று எழுதினேன். பானேட்டோ என்றால் குட்டி ரொட்டி. பையன் பேக்கரி வைத்திருக்கிறானா என்று பதில் வந்தது. அவனுக்கு நாலு வயது.

குவாத்ர் போர்னிலிருந்து:
எனக்குப் பிடித்தது மோனேரோ. மோனோ பணம், மோனேரோ நாணயம். மாதக் கடைசியில் என் பையில் இருப்பது பருக்கைதான்.

ரோஸ்ஹில்:
பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். கூடையை இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லை, நாளைக்குச் சந்தையாம்.