சந்நிதி முன் நிற்கிறேன், மனம் நிற்பதில்லை: தேய்பிறை அட்டமி வழிபாடு குறித்து ஒரு கேள்வி

கேள்வி: ஓசூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தருமபுரிக்குப் பக்கம். வேலை ஓசூரில், ஒரு தொழிற்சாலையில். இரண்டு ஆண்டுகளாகத் தேய்பிறை அட்டமிதோறும், இரவு ஷிஃப்ட் முடித்த கையோடு பேருந்து ஏறி, அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்கு வந்துவிடுகிறேன். கடன் தீர வேண்டும் என்று தொடங்கிய வழக்கம் இது. கடனில் பெரும்பகுதி அடைந்துவிட்டது. ஆனாலும் வருவதை நிறுத்த மனமில்லை.

என் குறை வேறு. வரிசையில் நெடுநேரம் நின்று, சந்நிதிக்கு நேரே வந்து சேரும் அந்தச் சில நொடிகளில், மனம் தவணைத் தேதியிலோ மேற்பார்வையாளர் பேசிய ஒரு சொல்லிலோ போய் நின்றுகொள்கிறது. தீபாராதனை முடிந்த பிறகுதான் தீபத்தையே பார்க்கவில்லை என்பது தெரிகிறது. சென்ற முறை சாம்பல் பூசணியைப் பாதியாக வெட்டி, விதையை வழித்தெடுத்து, எண்ணெய் ஊற்றி விளக்கேற்றிக் கீழே வைத்தேன். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து எண்ணெய் வழியத் தொடங்கியதால், ஓட்டுச் சில்லு ஒன்றைத் தேடி முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். அன்று முழுவதும் வேறு நினைவே இல்லாமல் நான் இருந்தது அந்த இரண்டு நிமிடம் மட்டும்தான். இப்படிப் போய் வருவது வழிபாடு ஆகுமா? மனத்தை நிறுத்தப் பெரியவர்கள் சொன்ன வழி ஏதேனும் உண்டா?

பதில்: கோட்டைத்தெரு

அட்டமியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அதோடு கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளிலும் ஏதேனும் ஒரு கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். தருமபுரிக் கோட்டையில் மல்லிகார்ச்சுனேசுவரர் கோயில் இருக்கிறது. அடி தரையில் படாத தொங்கும் தூணைப் பார்க்க வருகிறவர்கள், தூணுக்கு அடியில் துணியையோ தாளையோ நுழைத்து மறுபக்கம் இழுத்து, வியந்து, படம் எடுத்துக்கொண்டு, இறைவனை எட்டிக்கூடப் பாராமல் திரும்புவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். (நானும் சிறுவயதில் அதைத்தான் செய்தேன்.) மாலையில் அங்கே அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள், மனம் ஓடினால் ஓடட்டும்.

பதில்: பெண்ணையாற்றங்கரை

தம்பி, உங்கள் கேள்விக்கான விடையை நீங்களே எழுதிவிட்டு, அதைக் கவனிக்காமல் கடந்து போயிருக்கிறீர்கள். சாய்ந்த விளக்குக்கு முட்டுக் கொடுத்தீர்களே, அதற்குச் சைவத்தில் ஒரு பெயர் உண்டு: சரியை.

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளைத் திருமூலர் திருமந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்தில் விரிக்கிறார். இவற்றில் முதலாவது உடம்பால் செய்யும் தொண்டு: கோயிலைப் பெருக்குவது, மெழுகுவது, பூப்பறித்து மாலை தொடுப்பது, விளக்கிடுவது. ‘மனத்தை முதலில் அடக்கு, பிறகு வா’ என்று இந்த நெறி யாரையும் வாசலில் நிறுத்தி வைப்பதில்லை. கையைக் கொண்டு வா என்றுதான் கேட்கிறது. இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறவர் அப்பர். பாடலால் மட்டும் அன்று, கையில் இருக்கும் உழவாரப் படையாலும் (புல் செதுக்கும் கருவி) அவரை நாம் அடையாளம் காண்கிறோம். திருப்புகலூரில் அவர் புல் செதுக்கியபோது உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் கிடந்தன என்றும், அவற்றைப் பருக்கைக் கல்லோடு கல்லாகவே எண்ணி வாரிக் குளத்தில் எறிந்தார் என்றும் சேக்கிழார் பாடுகிறார். மனம் எங்கே இருந்தது என்பதை அந்தக் கை காட்டிவிட்டது.

நானும் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கண்ணை மூடித் தியானம் செய்ய உட்கார்ந்து, மூன்று மாதம் தூங்கித்தான் எழுந்தேன். பிறகு அரூர்ப் பக்கம் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் ஞாயிறுதோறும் உழவாரப் பணி செய்யும் சிலரோடு சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த வேலை விளக்கு மாடங்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவது. சீயக்காயும் அரப்பும் போட்டுத் தேய்த்தால், முதலில் கருமையாக ஓடும் நீர் மெல்லப் பழுப்பாகிப் பிறகு தெளியும்; அதற்குள் ஒரு மணி நேரம் போயிருக்கும். அந்த நேரத்தில் நான் எதையும் வேண்டியதில்லை. ஆகவே வேண்டுதலை ஒதுக்கிவிட்டு, தொண்டாக ஏதேனும் ஒன்றைக் கையில் எடுங்கள் என்பதே என் கருத்து.

பதில்: குமாரசாமிப்பேட்டை அம்மா

ஐயா சொன்னதில் கைத்தொண்டு பற்றிய பகுதி முழுவதும் எனக்கு உடன்பாடு. வேண்டுதலை ஒதுக்கச் சொன்னது உடன்பாடு இல்லை. கடனும் நோயும் பிள்ளைகளின் கவலையும் இல்லாதிருந்தால் எங்களில் பாதிப் பேர் கோயில் படியையே மிதித்திருக்க மாட்டோம். தீர்த்தமலைத் தலபுராணத்தில், பூசைக்கு நீர் கொண்டுவரப் போன அனுமன் வரத் தாமதமானதால் இராமர் அம்பெய்து பாறையிலிருந்து நீர் வரவழைத்தார் என்று சொல்கிறார்கள். அனுமன் வருத்தத்தில் வீசி எறிந்த நீரையும் யாரும் வீண் என்று தள்ளவில்லை. அது விழுந்த அனுமன்தீர்த்தத்திலும் நாம் இன்றுவரை நீராடுகிறோம். காலம் தப்பி வந்த நீருக்கே அந்த மதிப்பு என்றால், கவலையோடு வந்த மனத்துக்கு இருக்காதா?

எங்கள் பேட்டை முருகன் கோயிலில் தைப்பூசத் தேரைப் பெண்கள்தாம் வடம் பிடித்து இழுக்கிறோம். வடம் உள்ளங்கையை அறுக்கும். முன்னால் போகிறவரின் குதிகாலை மிதித்துவிடக் கூடாது. தேர் ஒரு குலுங்கு குலுங்கி நகரும் கணத்தில் எல்லோர் வாயிலிருந்தும் ‘அரோகரா’ தானாக வரும். என் மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்ற வேண்டுதலோடுதான் அந்த ஆண்டு இழுத்தேன். தேர் நகர்ந்தபோது அந்த வேண்டுதல் நினைவில் இல்லை; நிலை சேர்ந்த பிறகு மறுபடி வந்துவிட்டது. அதற்காக நான் வெட்கப்படவில்லை, தம்பி. நீங்களும் வெட்கப்பட வேண்டாம்.

பதில்: பெண்ணையாற்றங்கரை

அம்மா சொல்வது சரி. ‘ஒதுக்கிவிட்டு’ என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவர்: ஓசூர்வாசி

மூவருக்கும் நன்றி. அட்டமிக்கு வழக்கம்போல் வருவேன். ஐயா, அடுத்த வாரம் எனக்குப் பகல் ஷிஃப்ட் என்பதால் ஞாயிறு விடுமுறை. ஊருக்கு வருகிறேன், காலையில் அரூர்ப் பக்கம் வந்து உங்களோடு சேர்ந்துகொள்ளலாமா? துடைப்பம், தேய்ப்பதற்கு நார் போன்றவற்றை நானே கொண்டு வர வேண்டுமா?

பதில்: பெண்ணையாற்றங்கரை

தாராளமாக வாருங்கள். துடைப்பம் இங்கே இருக்கிறது. எண்ணெய்க் கறை போகாது, ஆகவே பழைய வேட்டி ஒன்று கட்டிக்கொண்டு ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள். வெயில் ஏறினால் பிரகாரக் கல்லில் கால் வைக்க முடியாது.