சாவு வீட்டில் கண் தானம் கேட்கப் போனவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேலத்தெருக்காரன்:
போன வாரம் நடந்தது, இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது. பெரியவர் விடிகாலையில் போய்விட்டார். மூத்த மகன் சரி என்றுவிட்டார், கண் வங்கி வண்டியும் கிளம்பிவிட்டது. உயிர் போய் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்ற கணக்குதான் உங்களுக்குத் தெரியுமே. அப்போது பெரியவரின் அக்கா தலைமாட்டிலிருந்து என்னைப் பார்த்து, "கண்ணு இல்லாம அனுப்பிட்டா அடுத்த பிறவியில எந்தம்பி குருடாப் பொறப்பானே, நீயா வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவ?" என்று கேட்டார். கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. மகன் தலையைக் குனிந்துகொண்டார்.

இதற்குச் சொல்லப் பதில் உண்டு. சொல்லியிருந்தால் ஊர் முன்னால் அந்த அம்மாவைத் தோற்கடித்ததாக ஆகியிருக்கும். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தம்பி சின்ன வயதில் எப்படி என்று கேட்டேன். இடுப்பில் தூக்கி வளர்த்த கதையெல்லாம் வந்தது. நடுவில் அவரே குரலைத் தாழ்த்தி, "மூஞ்சி குழி விழுந்து போயிடுமா தம்பி?" என்றார். பிறவிக் கணக்குக்குப் பின்னால் இருந்த பயம் அதுதான். "கருவிழியை மட்டும்தான் எடுப்பாங்க பெரியம்மா, இமை மூடினபடியே இருக்கும்" என்றேன். அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை.

ரயில்வே காலனி:
கதை கேட்க உங்களுக்கு நேரம் இருந்தது. எனக்கு வரும் போன் எல்லாம் உயிர் போய் நாலு மணி நேரம் ஆன பிறகுதான் வரும். அதனால் போனிலேயே வேலை சொல்லிவிடுவேன். ஃபேனை நிறுத்துங்க, தலையணை வெச்சு தலையை உயர்த்துங்க, இமையை மூடி ஈரப் பஞ்சு வைங்க. சம்மதப் பேச்சு அப்புறம்தான். ஒரு வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பையன் பஞ்சை நனைத்து நனைத்து வைத்துக்கொண்டே இருந்தான். சித்தப்பா ஒருத்தர் முடியவே முடியாது என்று குதித்தார். "அப்ப நான் இவ்ளோ நேரம் எதுக்கு வெச்சேன்?" என்று பையன் கேட்டானே, அந்தக் குரலை மறக்க முடியவில்லை.

நைட் டூட்டி:
ரயில்வே காலனி அண்ணா, கேட்காமலே வேலையில் இறக்கிவிடுவது பொறி வைக்கிற மாதிரி இருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் கவுன்சலர். இன்றும் பாத்திரம் கழுவும்போது கேட்க வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன், வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். விபத்தில் புருஷனைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி, பேச்சை எடுத்ததுமே "வேணாங்க்கா" என்றாள். சரிம்மா என்று விட்டுவிட்டேன். பிரேதப் பரிசோதனைக் காகிதங்களுக்கு அலைந்தாள், கூடவே நானும் போனேன். ரொம்ப நாள் கழித்து ராத்திரி ஒரு போன்: "அக்கா, மாமியார் இறந்துட்டாங்க. கண்ணு குடுக்கணும், யாரக் கூப்பிடணும்?"

ஓய்வு வாத்தியார்:
என் அண்ணன் இறந்தபோது கேட்டேன். அண்ணி மறுத்துவிட்டார், அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் புதியவர்களுக்குச் சில விஷயங்கள். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண் தான இருவாரம், இறந்த பிறகு கண் தருகிறேன் என்று ஊரே அட்டையில் கையெழுத்துப் போடும். அந்த அட்டை பீரோவுக்குள் போய்விடும், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் சம்மதிக்க வேண்டியவர்கள் வீட்டார்தானே? ஆகவே கையெழுத்துப் போட்டவரை மனைவி மக்களிடம் அன்றைக்கே சொல்ல வையுங்கள். சாவு வீட்டில் உரக்க அழுகிறவரிடம் போகாதீர்கள். பந்தல்காரனுக்குப் பணம் எண்ணிக் கொடுப்பவர் யாரென்று பாருங்கள், முடிவு அவர் கையில் இருக்கும். கண்ணாடி போட்டவர், புரை அறுவை செய்தவர், சர்க்கரை உள்ளவர் எல்லோரும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி நோய், எச்.ஐ.வி. என்றால் கேட்கவே கூடாது. துண்டுப் பிரசுரம் கொண்டுபோகாதீர்கள். முக்கியமாக, கேட்கப் போகாத சாவுகளுக்கும் போங்கள். மூங்கில் வெட்டுங்கள், தண்ணீர் தூக்குங்கள். கண்ணுக்காக மட்டும் வருகிறவனை ஊர் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்.

ரயில்வே காலனி:
வாத்தியார் சொன்ன கடைசி விஷயம் சரி. நைட் டூட்டிக்கு ஒன்று: பொறி எல்லாம் இல்லைம்மா. ஈரப் பஞ்சு வைத்ததால் யாரும் கட்டுப்பட்டுவிடுவதில்லை. வேண்டாம் என்றால் அந்த நிமிஷமே போன் போட்டு வண்டியைத் திருப்பிவிடுவேன், திருப்பியும் இருக்கிறேன். ஃபேன் காற்றில் கருவிழி காய்ந்த பிறகு சம்மதம் கிடைத்து என்ன பண்ணுவது, அதைச் சொல்லுங்கள்.