பத்து வருசம் தாண்டின குடும்பக் கார்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எது முதல்ல போகுது, ஏன் போகுது?

தருமபுரி, பென்னாகரம் ரோடு

பழைய கார் பார்க்கப் போறவங்க மீட்டர் ரீடிங்கைத்தான் முதல்ல கேக்குறாங்க. 60,000 ஓடினதா, 1,20,000 ஓடினதான்னு. நம்ம ரெண்டு மாவட்டத்துல அதைவிடப் பெரிய கேள்வி, இத்தனை நாளா ரேடியேட்டர்ல என்ன ஊத்தினாங்க என்கிறதுதான். சரியான கூலன்ட்ல (இன்ஜினைக் குளிர வைக்க ரேடியேட்டர்ல ஊத்துற கலர் திரவம்) ஓடியிருந்தா 15 வருசத்து இன்ஜின்கூட உள்ளே சுத்தமா இருக்கும். போர் தண்ணியில ஓடின வண்டி 7 வருசத்துலயே ஹெட் (சிலிண்டருக்கு மேல மூடியிருக்கிற இன்ஜின் பாகம்) வேலைக்கு வந்து நிக்குது.

காரணம் நம்ம வீட்டு அடுப்படியிலேயே தெரியும். தண்ணி சுட வைக்கிற பாத்திரத்துல, ஹீட்டர் காயில்ல வெள்ளையா ஒரு பொருக்குப் படியுதே, அதேதான் இன்ஜினுக்குள்ளயும் படியும். கால்சியம், மெக்னீசியம் உப்பு கரைஞ்ச தண்ணி சூடாக ஆக கார்பனேட்டா இறுகி, எங்க சூடு அதிகமோ அங்க முதல்ல ஒட்டும். அதாவது ஹெட்டுக்குள்ளயும் சிலிண்டரைச் சுத்தியும். அதுக்கப்புறம்தான் ரேடியேட்டரோட மெல்லிய குழாய்கள் அடைக்கும். வெளியில இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஊருக்குள்ள ஓட்டும்போது சூட்டு மீட்டர் முள்ளும் நடுவிலேயே நிக்கும். அஞ்சு பேர் ஏறி, ஏசி போட்டு, ஏத்தத்துல போகும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும்.

பார்க்கிற விதம்: காலையில, இன்ஜின் முழுசா ஆறின நிலையில மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்க. சூட்டுல திறந்தா கொதிக்கிற தண்ணி முகத்துல அடிக்கும். பச்சை, சிவப்பு, நீலம் எந்தக் கலரா இருந்தாலும் தெளிவா இருந்தா நல்லது. செங்கல் கரைசல் மாதிரி பழுப்பா இருந்தா வெறும் தண்ணி ஓடியிருக்கு, உள்ளே துருப் பிடிச்சிருக்கு. அப்புறம் விரலை உள்ளே விட்டுக் கழுத்துப் பகுதியைத் தடவுங்க. வழவழன்னு இருக்கணும். சுண்ணாம்பு மாதிரி பொருபொருன்னு விரல்ல ஒட்டி வந்தா அந்த வண்டிக்கு ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கிற வால்வு), வாட்டர் பம்ப் மூணுக்கும் காசு ஒதுக்கி வச்சுட்டு விலை பேசுங்க. மூடியோட ரப்பர் வாஷரையும் பாருங்க. அது வெடிச்சிருந்தா உள்ளே அழுத்தம் நிக்காது, தண்ணி சீக்கிரம் கொதிச்சுடும். புது மூடி வாங்கும்போது பழைய மூடி மேல அச்சடிச்ச அதே அழுத்த எண் (பல சின்ன கார்கள்ல 0.9 அல்லது 1.1) இருக்கணும்.

கூலன்ட் மாத்துறது வீட்டுலயே முடியும். அடியில இருக்கிற டிரெயின் பிளக்கைத் திறந்து வடிச்சுட்டு, பேட்டரிக் கடையில விக்கிற டிஎம் வாட்டரை (உப்பு நீக்கின தண்ணி) ஊத்துங்க. ஹீட்டர் இருந்தா சூட்டுப் பக்கம் முழுசா திருப்பி வையுங்க. ஃபேன் ஒரு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் ஐடிலிங்ல விட்டு, முழுசா ஆற வச்சு, மறுபடி வடிங்க. தெளிவா வர்ற வரைக்கும் இதையே திருப்பிச் செய்யணும். அழுக்கு வண்டிக்கு மூணு தடவை கூட ஆகும். சின்ன பெட்ரோல் கார்னா மொத்தம் ஏறக்குறைய 4 லிட்டர் பிடிக்கும். அதுல 2 லிட்டர் கான்சன்ட்ரேட் (தண்ணி கலக்காத கூலன்ட்), 2 லிட்டர் டிஎம் வாட்டர். ஒரு விஷயம் கவனிங்க, ஃபிளஷ் பண்ணின தண்ணி முழுசா வடியாது, பிளாக்குக்குள்ள கொஞ்சம் தங்கும். அதனால கான்சன்ட்ரேட்டை முதல்ல அளந்து ஊத்திட்டு அப்புறம் தண்ணியை ஊத்தி நிரப்புங்க. கடைசியா மூடியைத் திறந்தே வச்சு ஓட விட்டா காத்துக் குமிழி எல்லாம் வெளியேறும். மட்டம் இறங்க இறங்க ஊத்திட்டு மூடுங்க.


காவேரிப்பட்டணம், ரேடியேட்டர் மற்றும் ஹெட் வேலை

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. வேலை செய்கிற இடத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

நம் பக்கம் பலர் "தண்ணியில ஃபுளோரைடு இருக்கு, அதான் ரேடியேட்டர் போகுது" என்கிறார்கள். ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுப்பது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ரேடியேட்டரை அடைப்பது நீரின் கடினத்தன்மை. இரண்டும் வேறு. அதனால் ஃபுளோரைடு இல்லாத ஊர்த் தண்ணீர் என்று நம்பி ஊற்றினாலும் பொருக்குப் படியத்தான் செய்யும். வழியில் மாட்டிக்கொண்டால் ஆர்ஓ கேன் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேரலாம், பிறகு வடித்து மாற்றிவிட வேண்டும்.

பொருக்கு அதிகமாக இருக்கும் வண்டியில் ஆசிட் வகை கிளீனர் ஊற்றவே கூடாது. இப்போதைய ரேடியேட்டரும் ஹெட்டும் அலுமினியம். ஆசிட் உப்பைத் தின்னும்போது அலுமினியத்தையும் சேர்த்துத் தின்னும். இதுவரை உப்பே அடைத்து வைத்திருந்த நுண்ணிய ஓட்டைகள் திறந்து, மறுநாளே ஒழுக ஆரம்பிக்கும். அந்த நிலைக்கு வந்த ரேடியேட்டரைக் கழற்றி மாற்றுவதுதான் வழி. ஒழுகலுக்கு மஞ்சள் தூள் போடுவது இன்னொரு கெட்ட பழக்கம். ஓட்டையை அடைப்பது உண்மைதான். அதே தூள் ரேடியேட்டர்க் குழாயையும் ஹீட்டர் காயிலையும் சேர்த்தே அடைக்கிறது. மூடியைத் திறந்ததும் மஞ்சள் வண்டல் தெரிந்தால் ஒழுகலை மறைத்து விற்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் வேலை செய்யும் சூட்டுக்கு வரவே நேரமாகும். இன்ஜின் இன்னும் குளிராக இருப்பதாக ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், ஆயிலில் ஈரம் தங்கிச் சகதியாகும். சோதிப்பது எளிது. ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருங்கள். சில நிமிடங்கள் குளிர்ச்சியாகவே இருந்து, பிறகு திடீரென்று சூடேற வேண்டும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் தெர்மோஸ்டாட் உள்ளே இல்லை, அல்லது திறந்த நிலையிலேயே சிக்கியிருக்கிறது.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு ஓட்டை இருக்கும். உள் சீல் தேய்ந்தால் அதன் வழியாகத்தான் முதலில் கசியும். டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டையிலிருந்து கீழ்நோக்கி, கண்ணீர் காய்ந்த தடம்போல ஒரு கோடு தெரியும். கூலன்ட் ஓடிய வண்டியில் அந்தத் தடம் கலராகவும், வெறும் தண்ணீர் ஓடிய வண்டியில் துரு நிறத்திலும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் பம்பை மாற்றித்தான் ஆக வேண்டும், எம்சீல் வைத்து அடைக்கக் கூடாது.

ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், இன்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து லேசாக ரேஸ் கொடுங்கள். சில நிமிடங்களுக்குப் பிறகும் குமிழி இடைவிடாமல் வந்தால் சிலிண்டர் வாயு தண்ணீரில் கலக்கிறது. ஆயில் மூடியின் அடியில் மோர்போல வெள்ளை படிவதைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். கடைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடும் வண்டியிலும் அது வரும். டிப் ஸ்டிக்கிலும் அதே மோர் நிறம் என்றால்தான் கவலை. ஹெட்டைக் கழற்றினால் புது கேஸ்கட் மட்டும் போட்டு மூடவிடாதீர்கள். நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவை அளக்கச் சொல்லுங்கள். பல சின்ன இன்ஜின்களுக்கு எல்லை 0.05 மி.மீ. அதற்கு மேல் போனால் ஃபேஸிங் (பரப்பைச் சீவிச் சமமாக்குவது) செய்தாக வேண்டும், இல்லையென்றால் சில மாதத்தில் புது கேஸ்கட்டும் போகும்.


நல்லம்பள்ளி

தண்ணிக்கு அடுத்து நம்ம பக்கம் பழைய வண்டியைச் சோதிக்கிறது தொப்பூர் இறக்கம். தருமபுரியில இருந்து சேலம் போறப்ப வர்ற இந்தக் கணவாயில விபத்துன்னு கேக்காத மாசமே இல்ல. லாரிதான் பிரேக் இழக்கும்னு நினைக்காதீங்க. பழைய பிரேக் ஆயில் உள்ள கார்லயும் அதே கதைதான்.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். டாட் 3 ஆயில் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறினா அந்த எல்லை 140 வரைக்கும் இறங்கிடும். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. இறக்கம் முழுக்க பெடலை மிதிச்சுக்கிட்டே வந்தா காலிபர்ல (பேடை டிஸ்க் மேல அழுத்துற பாகம்) அந்தச் சூடு வந்துடும். ஆயில் கொதிச்சு ஆவியாச்சுன்னா பெடல் சட்டுனு பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஆவியை அழுத்தலாம், ஆனா அந்த அழுத்தம் பேடுக்குப் போய்ச் சேராது.

வாங்கின வண்டியோட பிரேக் ஆயில் எப்ப மாத்தினதுன்னு தெரியலைன்னா உடனே மாத்துங்க, அதுக்கப்புறம் ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை. மூடியில என்ன கிரேடு எழுதியிருக்கோ அது. ஒரு லிட்டர் வாங்கினா ஃபிளஷ் பண்ணவே போதும். சீல் உடைச்ச பழைய பாட்டில் வேண்டாம். பல கார்கள்ல பின் இடது சக்கரத்துல ஆரம்பிச்சு பின் வலது, முன் இடது, முன் வலதுன்னு பிளீட் (பழைய ஆயிலையும் காத்தையும் வெளியேத்துறது) பண்ணுவாங்க, ஆனா உங்க வண்டி மேனுவல்ல சொன்ன வரிசைதான் சரி. டப்பாவுல மட்டம் இறங்க விட்டுடாதீங்க, காத்து புகுந்தா முதல்ல இருந்து வேலை.

பின் டிரம்மைக் கண்டிப்பா கழட்டிப் பாருங்க. முன் பேடை மட்டும் பார்த்துட்டு "பிரேக் ஓகே"ன்னு சொல்றவங்க அதிகம். வீல் சிலிண்டரோட ரப்பர் பூட்டை லேசா விலக்கினா உள்ளே ஈரமா இருக்கான்னு தெரியும். ஈரம் இருந்தா ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க. முன் பேட் 3 மி.மீ.க்குக் கீழே வந்துட்டா இறக்கத்துக்குக் கொண்டு போக வேண்டாம்.

ஓட்டுற முறை: இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மூணாவது கியர், அதுலயும் வேகம் ஏறினா ரெண்டாவது. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறதோ இன்ஜினை அணைக்கிறதோ உயிரோட விளையாடுறது. இன்ஜின் நின்னா பூஸ்டருக்கு (பிரேக் பெடலை லேசாக்குற பாகம்) வாக்குவம் கிடைக்காது, ரெண்டு மூணு மிதிக்கு மேல பெடல் கல்லாயிடும். கருகின வாசனை வந்தா சமதளமான இடம் பார்த்து நிறுத்தி ஆற விடுங்க. டிஸ்க் மேல தண்ணி ஊத்தாதீங்க, கோணிடும்.


ஓசூர்

கிருஷ்ணகிரி, தருமபுரிச் சந்தையில வர்ற பழைய கார்ல நிறைய பெங்களூரு வண்டி. பாடி பளபளன்னு இருக்கும், மீட்டர் குறைவா இருக்கும். டிராஃபிக்ல மணிக்கணக்கா நின்னு ஓடின நேரம் மீட்டர்ல ஏறாது, கிளட்ச்லயும் ஆயில்லயும்தான் தெரியும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூணாவது கியர் போட்டு, ஆக்சிலரேட்டர் தொடாம கிளட்ச்சை மெதுவா விடுங்க. உடனே ஆஃப் ஆகணும். இழுத்துக்கிட்டு ஓடினா பிளேட் போச்சு. ஒரு தடவை பார்த்தா போதும், திரும்பத் திரும்பச் செய்யாதீங்க. ஆயில் ஊத்துற வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. தேன் கலர்ல இருந்தா நல்லது, தார் மாதிரி கெட்டியா ஒட்டியிருந்தா நேரத்துக்கு ஆயில் மாத்தலை.

பேப்பர்ல அவசரப்படாதீங்க. கர்நாடக ஆர்டிஓவுல படிவம் 28-ல என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று), பேர் மாத்த 29, 30, இங்க புது நம்பருக்கு 27. லோன் இருந்திருந்தா 35 கொடுத்து ஹைபாதிகேஷன் (ஆர்சியில இருக்கிற கடன் பதிவு) நீக்கியிருக்கணும். வேற மாநில நம்பரோட 12 மாசத்துக்கு மேல இங்க வச்சிருக்கக் கூடாது. தமிழ்நாட்டுல வண்டி வயசுக்குத் தகுந்த ஆயுள் வரி தனியாக் கட்டணும், அதையும் விலையோட கூட்டித்தான் கணக்குப் பாருங்க. 14 வருசம் ஆன வண்டின்னா இன்னொண்ணு: 15-ல ஆர்சி முடியும். படிவம் 25-ல புதுப்பிச்சா 5 வருசம் கிடைக்கும். 2022 ஏப்ரல்ல இருந்து காருக்குப் புதுப்பிக்கிற கட்டணம் 5,000 ரூபாய். முடியறதுக்கு 60 நாள் முன்னாடி இருந்து விண்ணப்பிக்கலாம்.


பாலக்கோடு

டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்துல இயக்குற பெல்ட்) பத்தி யாரும் சொல்லலையே. ஒரே மாடல் பேர்ல பெல்ட் இன்ஜினும் செயின் இன்ஜினும் இருக்கு, இதுல ஏமாறாதீங்க. பழைய வேகன் ஆர் 1.1 பெல்ட், 2010-ல வந்த கே சீரிஸ் செயின். ஐ10 1.1 பெல்ட், 1.2 கப்பா செயின். குவாலிஸ், பழைய இன்னோவா டீசல் ரெண்டும் பெல்ட். மாத்தின பில் கையில இல்லைன்னா மாத்தலைன்னே வச்சுக்கோங்க. பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கு இல்ல, ரப்பருக்கு வயசும் உண்டு. டென்ஷனரையும் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற உருளை) சேர்த்து மாத்துங்க. பெல்ட் புதுசா இருந்தும் டென்ஷனர் பேரிங் இறுகினா அறுந்துடும். அந்த வேலையோட வாட்டர் பம்பையும் முன் ஆயில் சீலையும் பார்த்துட்டா ரெண்டாவது தடவை கூலி கொடுக்க வேண்டாம்.

செயின் வண்டின்னா காலையில முதல் ஸ்டார்ட்டைக் கேளுங்க. ஒரு நொடி சலசலத்து அடங்கினா பரவாயில்ல. நின்னு சலசலத்தா டென்ஷனர் தேய்ஞ்சிருக்கு, இல்லன்னா செயின் நீண்டிருக்கு.


ஊத்தங்கரை

ரெண்டே விஷயம். டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், 2319-னா 2019-ல 23-வது வாரம். பட்டன் (டயர் மேல இருக்கிற வரிக்கட்டை) எவ்வளவு இருந்தாலும் 6 வருசம் தாண்டின டயரோட சித்திரை வெயில்ல நாலு வழிச் சாலைக்குப் போகாதீங்க. ஸ்டெப்னியையும் பாருங்க, பெரும்பாலும் அது வண்டியோட பிறந்த டயராவே இருக்கும்.

ரெண்டாவது, இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியோட ரப்பர் ஹோஸ், கேஸ்கட் அதுக்காகச் செஞ்சது இல்ல. டேங்க்ல இருந்து இன்ஜின் வரைக்கும் ஹோஸைக் கையால வளைச்சுப் பாருங்க. முடி மாதிரி வெடிப்பு தெரிஞ்சாலோ, காலையில பெட்ரோல் வாசனை வந்தாலோ உடனே மாத்துங்க.


தருமபுரி, பென்னாகரம் ரோடு

காவேரிப்பட்டணம் தம்பிக்கு நன்றி, ஃபுளோரைடு விஷயம் பலருக்குக் குழப்பமாவே இருந்தது. ஓட்டிப் பார்க்க எந்த ரோடுன்னு ரெண்டு பேர் தனியாக் கேட்டிருந்தாங்க. தருமபுரிக்காரங்க தொப்பூர் இறங்கித் திரும்பி ஏறுங்க, கிருஷ்ணகிரிக்காரங்க மேலுமலை வழியா சூளகிரி வரைக்கும் போங்க. மதியம் ஒரு மணிக்கு, நாலு பேர் ஏறி, ஏசி முழுசா வச்சு. ஏத்தம் முடிஞ்சதும் ஓரமா நிறுத்தி, இன்ஜினை அணைக்காம அஞ்சு நிமிசம் ஐடிலிங்ல விடுங்க. ஓடும்போது எதிர்க்காத்து குளிர வச்சிருக்கும், நின்னதும்தான் ஃபேனோட வேலை தெரியும். முள் நடுவைத் தாண்டி ஏறக் கூடாது. ஏசி காத்து வெதுவெதுப்பா மாறினா ஃபேன் ரிலே, மோட்டார் ரெண்டையும் பாருங்க. ஆறினதும் ரிசர்வ் டப்பாவைப் பாருங்க. புறப்படும்போது மட்டத்துக்கு நேரா ஒட்டின டேப்புக்குக் கீழே இறங்கியிருந்தா, அந்தத் தண்ணி எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.