நாவல் எழுதும் விமானி ஒருவருடன் பழகிய அனுபவம்

விமானிகளாக இருந்துகொண்டே கதை எழுதுபவர்களைச் சந்தித்த அனுபவங்களைப் பலரும் சொல்லிவருகிறீர்கள். என் பங்குக்கு நானும் சொல்கிறேன்.

நான் மெய்ப்பு பார்ப்பவள். பதிப்பகம் வழியாக ஒரு கைப்பிரதி வந்தது. எழுதியவர் நீண்ட தூர விமானங்களின் கேப்டன் என்றார்கள். சரி, புயல், இன்ஜின் கோளாறு, அவசரத் தரையிறக்கம் என்று ஏதாவது இருக்கும் என நினைத்தேன். கதையில் ஒரு விமானம்கூட இல்லை. பேச்சுவார்த்தை அறுந்துபோன அண்ணன் தம்பி, அவர்களுக்கு நடுவே ஒரு வீடு. அவ்வளவுதான்.

நேரில் பார்த்தபோது, காக்பிட்டில் உட்கார்ந்து எழுதுவீர்களா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சே கூடாதாம். மேலே போன பிறகும் எரிபொருள், வானிலை, அவசரமென்றால் எங்கே இறங்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எழுத்தெல்லாம் ஹோட்டல் அறையில்தான். உடம்புக்கு ஒரு நேரம், ஜன்னலுக்கு வெளியே வேறு நேரம். தூக்கம் பிடிக்காத விடிகாலைகளில் எழுதுவார். அடுத்த பறப்புக்கு முன் ஓய்வு கட்டாயம் என்பதால், கண் சொக்கினால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார்.

அவருடைய பலம் உரையாடல். அது எங்கிருந்து வந்தது என்பது பேசப் பேசத்தான் புரிந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகக் கேட்டாரா என்று அங்கிருப்பவர் சரிபார்ப்பார். ஏன் இத்தனை கறார் என்றேன். ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு விமான நிலையத்தில் நடந்த விபத்தைச் சொன்னார். 1977 மார்ச் 27 அன்று மூடுபனியில், ஓடுபாதையிலேயே இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட அனுமதி கிடைக்காமலே ஒரு விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. அதைத் தடுத்திருக்கக்கூடிய வார்த்தைகள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் ரேடியோவில் பேசியதால் இரைச்சலில் அமுங்கிப்போயின.

"மனுஷன் தான் எதிர்பார்க்கிறதைத்தான் காதில வாங்கிக்கிறான். வீட்டிலேயும் அப்படித்தானே?" என்றார்.

அப்புறம் கைப்பிரதியை மறுபடி எடுத்துப் படித்தேன். 'வீட்டை வித்துடலாமா?' என்று அண்ணன் யோசனையாகத்தான் கேட்கிறான். தம்பி காதில் அது முடிவாக விழுகிறது. நாவலின் பாதிச் சண்டை அந்த ஒரு வரியிலிருந்து கிளம்புகிறது. இருவரில் யாரும் கெட்டவன் இல்லை. ஒருவன் சொன்னதை மற்றவன் திருப்பிக் கேட்கவில்லை. இதை இவ்வளவு நுட்பமாக எழுதிய வேறு புதியவரை நான் படித்ததில்லை.

எழுதும் விமானிகள் முன்பே இருந்திருக்கிறார்கள். 'குட்டி இளவரசன்' எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் செந்த் எக்சுபெரி 1926இல் தபால் விமானம் ஓட்டப் போனவர். 1944 ஜூலை 31 அன்று உளவுப் பறப்புக்குக் கிளம்பித் திரும்பவே இல்லை. எர்னஸ்ட் கேனும் பயணிகள் விமானம் ஓட்டி, பிறகு நாவலாசிரியர் ஆனவர். இருவரும் பறப்பதைப் பற்றியே நிறைய எழுதினார்கள். நீங்கள் மட்டும் ஏன் எழுதவில்லை என்றதற்கு இவர் சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது: "என் பயணி ஒருத்தர் கையில என் புத்தகம் இருக்கலாம். நடுவானத்துல அவர் பயப்படுற மாதிரி எழுத எனக்கு மனசு வரலை."

சர்வதேச வணிகப் பறப்புகளில் விமானிக்கு 65 வயதுதான் வரம்பு. அதை அவர் நெருங்கிக்கொண்டிருக்கிறார். இனி நிறைய எழுதலாமே சார் என்றேன். முகம் மாறிவிட்டது. "பறக்காம இருந்தா எழுத வருமான்னு தெரியலைம்மா" என்றார். எனக்கு அந்தச் சந்தேகம் துளியும் இல்லை. அதை அவரிடமே சொன்னேன். அடுத்த கைப்பிரதியையும் எனக்கே அனுப்ப வேண்டும் என்று பதிப்பகத்திடம் கேட்டு வைத்திருக்கிறேன்.