வாடகை வீட்டில் புது ஜன்னல், புதுக் கதவு: உங்களுக்கு என்ன நடந்தது?

மடிப்பாக்கம் மீனா:

எழுதாமல் விட்டால் மனசு ஆறாது. மிக்ஜாம் புயல் வந்த சமயம், 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. எங்களுடையது முதல் மாடி. அந்த வருஷம் ஆடியில்தான் ஓனர் பழைய மர ஜன்னல்களைப் பெயர்த்துவிட்டு யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல் போட்டிருந்தார். கரையான் அரித்த ஜன்னல்கள், மாற்றியது நியாயம்தான். வெள்ளை வெளேரென்று இருந்தது, எங்களுக்கும் சந்தோஷம்.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. மாமியார் கட்டில் ஜன்னலை ஒட்டி இருக்கும். "மீனா, கால் நனையுதும்மா" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால் ஜன்னல் சாத்தியிருக்கிறது, லாக் விழுந்திருக்கிறது, கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. கண்ணாடி நகர்கிற கீழ் டிராக் மட்டும் தளும்பத் தளும்பத் தண்ணீர். காற்று அடிக்கும்போதெல்லாம் அது கொப்புளித்து, விளிம்பைத் தாண்டிச் சுவரில் வழிகிறது. துணி வைத்து ஒற்றினோம், பிழிந்தோம், மறுபடி ஒற்றினோம். விடியும்வரை மூன்று பேரும் மாற்றி மாற்றி அதே வேலை. மெத்தை போனது. கட்டிலுக்குக் கீழே இருந்த பையனின் பத்தாம் வகுப்பு நோட்டுகள் போயின.

மழை விட்டதும் என் கணவர் பால்கனிப் பக்கம் போய்ப் பார்த்தார். ஃபிரேம் அடியில் தண்ணீர் வெளியேற இரண்டு சின்ன நீள ஓட்டைகள் இருக்குமே, அவற்றைக் காணோம். வெளிப்பூச்சு பூசின கொத்தனார் சிமெண்டால் மூடிவிட்டுப் போயிருக்கிறார். இவர் ஒடிந்த குடையிலிருந்து ஒரு கம்பியை உருவிக் குத்தினார். பொருக்கு உதிர்ந்ததும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. உள்ளே தேங்கியிருந்தது அத்தனையும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடிந்துவிட்டது. ராத்திரி முழுக்க நாங்கள் பிழிந்த தண்ணீருக்கு ஒரு குடைக்கம்பி போதுமாக இருந்திருக்கிறது.

போன் செய்தபோது ஓனர் சொன்னார்: "ஜன்னலைச் சாத்தாம தூங்கியிருப்பீங்கம்மா." 78 வயது மனுஷி போர்வை சுற்றிக்கொண்டு நாற்காலியில் நடுங்கினதைப் பார்த்தவள் நான். அந்த வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது.

அம்பத்தூர் செந்தில்:

மீனா அக்கா, உங்களுக்கு ஜன்னல், எங்களுக்கு பாத்ரூம் கதவு.

பழைய கதவு உளுத்துப் போனதால் பிவிசி கதவு போட்டுக் கொடுத்தார்கள். ஒரே ஆள், அரை நாளில் வேலையை முடித்துவிட்டார். நிலையை மாற்றவில்லை, பழசின் மேலேயே கீலை வைத்து அடித்துவிட்டார். நாலாவது மாசம் கதவு இறங்கிவிட்டது. தூக்கிப் பிடித்துச் சாத்த வேண்டும், தூக்கிப் பிடித்துத் திறக்க வேண்டும். எங்களுக்குப் பழகிவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவுக்குப் பழகவில்லை.

நானும் மனைவியும் வேலைக்குப் போன பிறகு, ஒன்பதரை மணிக்கு உள்ளே போனவர். கதவு இறங்கியதில் தாழ்ப்பாள் துளைக்குள் இறுகிக்கொண்டது. செல்போன் ஹாலில் கிடக்கிறது. வென்டிலேட்டர் வழியாகக் குரல் கேட்டு மேல்வீட்டு அக்கா எனக்குச் சொன்னபோது மணி பதினொன்று. ஓடி வந்து, வெளியே நின்று "அப்பா" என்றேன். "ஒண்ணுமில்லப்பா, பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்காந்திருக்கேன். நீ எதுக்கு லீவு போட்டுட்டு வந்தே?" என்றார்.

சர்க்கரை உள்ளவர். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உள்ளே போயிருக்கிறார். கீல் பக்கம் பெரிய திருப்புளியைக் கொடுத்து நெம்பினேன். கதவுப் பக்கத்து ஸ்க்ரூ அத்தனையும் அப்படியே கழன்று வந்தன. பிடித்துக்கொள்ள உள்ளே கட்டையே இல்லை, வெறும் பிளாஸ்டிக் கூடு. கதவை விலக்கியதும் வியர்த்து விறுவிறுத்த அந்த முகம்... அதற்கு மேல் எழுத வரவில்லை.

கொளத்தூர் வீட்டுக்காரர்:

நானும் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். மாமியார் நனைந்தது வருத்தம்தான், ஆனால் ஒரு ஓனர் பேசியதை வைத்து எல்லாரையும் எடை போடாதீர்கள்.

எங்கள் வீட்டிலும் ஜன்னல் ஓரம் ஈரம் என்று குடியிருக்கிற தம்பி மூன்று தடவை போன் செய்தார். புது ஜன்னல் எப்படி ஒழுகும் என்று நானும் நம்பவில்லை. நாலாவது தடவை நேரில் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவில் விட்டார். அது முழுசாக உள்ளே போய் 'டக்' என்று விழுந்தது. மேலே மெல்லிசாக சிலிக்கான் பசை பூசி மறைத்திருக்கிறார்கள், உள்ளே வெறும் பொந்து. அன்றைக்கு அந்தத் தம்பி முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

சரி, இப்போது என் பக்கத்தையும் கேளுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் பேசுகிறார்கள். அந்த ரேட்டில் இடைவெளியை நிரப்புகிற ஃபோம் உண்டா, பழைய நிலையைப் பெயர்க்கிற கூலி உண்டா, பூச்சு வேலை யாருடையது என்று கேட்கும் அளவுக்கு எனக்கு விவரம் தெரியாது. பணம் கைக்குப் போனதும் போனை எடுப்பதில்லை. கொத்தனாரைக் கேட்டால் ஜன்னல்காரர் தப்பு, ஜன்னல்காரரைக் கேட்டால் கொத்தனார் தப்பு. நடுவில் மாட்டிக்கொள்வது ஓனர். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், குடியிருப்பவர்களும் டிராக்கைத் துடைப்பதில்லை. தலைமுடி, தூசி, செத்த ஈசல் எல்லாம் சேர்ந்தால் எந்த ஓட்டையும் அடைக்கும்.

மடிப்பாக்கம் மீனா:

கொளத்தூர் ஐயா, எங்கள் ஓட்டையை அடைத்தது சிமெண்ட். தலைமுடியைத் துடைக்கலாம், சிமெண்டை எப்படித் துடைப்பது? உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நாலாவது தடவை போனீர்களே, முதல் தடவையே போயிருக்கலாமே. எங்கள் ஓனர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். கடைசிவரை வரவே இல்லை.

நாகர்கோவில் வாசகி:

சின்ன விஷயம். எங்கள் வாடகை வீட்டு முன்கதவு பழைய தேக்கு. பூட்டு சரியில்லை என்று சொன்னதற்குக் கதவையே கழற்றிக்கொண்டு போய் பிளைவுட் ஃப்ளஷ் கதவு மாட்டினார்கள். கீழே ஒரு விரல் இடைவெளி. முதல் வாரமே ராத்திரி சமையலறையில் பூரான். கைக்குழந்தையைத் தரையில் படுக்கப் போடவே பயம். ஈரத் துண்டைச் சுருட்டி அந்த இடைவெளியில் வைத்துக்கொண்டே பதினொரு மாசம் இருந்தோம். அந்தத் தேக்குக் கதவு எங்கே போனதோ.

ஜன்னல் மாட்டுகிறவன்:

12 வருஷமாக இதே வேலை. உங்களையெல்லாம் படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை.

தாம்பரம் பக்கம் ஒரு மூன்று மாடி வீடு. நான் அப்போது ஹெல்பர். பின்பக்க ஜன்னல்களுக்கு வெளியே சிலிக்கான் போடச் சாரம் கட்ட வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் கீழே நின்று, "வாடகைக்கு விடுற வீடுதானப்பா, உள்பக்கம் மட்டும் போடு" என்றார். எங்கள் மேஸ்திரியும் தலையாட்டினார். நானும் உள்பக்கம் மட்டும் போட்டேன். எட்டு ஜன்னல். மழை பெய்கிற ஒவ்வொரு ராத்திரியும் அந்த எட்டு ஜன்னலும் ஞாபகத்துக்கு வரும்.

கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பழைய வீட்டுச் சுவர்த் திறப்பு எதுவும் நேர்க்கோணமாக இருக்காது. அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும், உயரத்தையும் அதே மாதிரி. இருப்பதிலேயே குறைந்த அளவை எடுத்து, அதிலும் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் போல விட்டுத்தான் ஃபிரேம் செய்ய வேண்டும். ஏனென்றால் யூபிவிசி வெயிலில் விரியும். இடைவெளி இல்லாமல் சுத்தியலால் தட்டி இறுக்கினால் சித்திரை வெயிலில் ஃபிரேம் வளைந்து, லாக் விழாது. அந்த இடைவெளியில் முதலில் பேக்கர் (முட்டுக் கொடுக்கிற துண்டு), ரசமட்டம் பார்த்து ஸ்க்ரூ, அப்புறம் ஃபோம், அது காய்ந்த பிறகு வெளியே சிலிக்கான். ஃபோமை மட்டும் அடித்துவிட்டு வெளியே திறந்து விட்டால் வெயில் பட்டே பொடிந்துவிடும். கீழ் டிராக்கில் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கினால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். கட்டாயம் போட வேண்டி வந்தால் ஸ்க்ரூ தலையையும் சிலிக்கானால் மூடணும். ஜன்னலுக்கு அடியில் இருக்கிற கட்டை வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். பூச்சு வேலைக்கு முன்னால் தண்ணீர் ஓட்டைகளில் டேப் ஒட்டி, வேலை முடிந்ததும் உரிக்க வேண்டும். மீனா அக்கா வீட்டில் தவறியது அந்த ஒரு துண்டு டேப்.

குடி போகும் முன் ஒரு மக் தண்ணீரை டிராக்கில் ஊற்றிப் பாருங்கள். வெளியே வடிந்தால் சரி. தேங்கி நின்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

செந்தில் அண்ணனுக்கு: பிவிசி கதவு வாங்கும்போது கீலும் தாழ்ப்பாளும் வருகிற இடத்தில் உள்ளே கட்டை அல்லது இரும்பு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அப்பா மாதிரிப் பெரியவர்கள் இருந்தால் வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டு கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

போரூர் குடித்தனக்காரர்:

டிராக்கில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் சென்னையில் எந்த ஓனரும் வீடு தர மாட்டார். நடைமுறை தெரியாமல் சொல்லாதீர்கள்.

எங்களுக்கு நடந்தது: மே மாசம், மத்தியானம், வீட்டில் யாரும் ஜன்னல் பக்கமே போகவில்லை. 'பட்' என்று ஒரு சத்தம். புது ஜன்னலின் கண்ணாடியில் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு. மேலே சொன்ன மாதிரி இடைவெளியே விடாமல் இறுக்கிய ஜன்னல். காலி பண்ணும்போது அதற்காக அட்வான்ஸில் 4,500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் உடைக்கவில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம்.

அதற்கு அப்புறம்தான் சட்டத்தைப் படித்தேன். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் போடாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. யார் எந்தப் பழுதைப் பார்க்க வேண்டும் என்று பட்டியலே உண்டு. கட்டுமானப் பழுதும், கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் உரிமையாளர் பக்கம். கண்ணாடி மாற்றுவது, குழாய் வாஷர் மாதிரியானவை நம் பக்கம். எங்களை மாட்டிவிட்டது அந்தக் கண்ணாடிதான். கண்ணாடி உடைந்தது தப்பாக மாட்டியதால் என்று காட்ட என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. உரிமையாளர் தன் பங்குப் பழுதைப் பார்க்காவிட்டால் நாமே செய்து வாடகையில் கழிக்க வழி இருக்கிறது, வாடகை அதிகாரியிடம் முறையிடவும் முடியும். ஆனால் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். வெறும் பத்திரத்தாளில் 11 மாசம் எழுதி வீட்டில் வைத்திருப்பது உதவாது. குடி போகிற அன்றே ஜன்னல், கதவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.

கொளத்தூர் வீட்டுக்காரர்:

போரூர் தம்பி, வாடகையில் கழிப்பது என்று ஆரம்பித்தால் அடுத்த மாசமே காலி பண்ணச் சொல்வார்கள். சட்டத்தைக் காட்டுவதற்கு முன்னால் நேரில் கூப்பிட்டுக் காட்டுங்கள். என்னைத் திருத்தியது அந்த ஐந்து ரூபாய் நாணயம், சட்டப் பிரிவு இல்லை.

ஈசூன் தனியறை:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். வீவக (இங்கே அரசு கட்டுகிற அடுக்குமாடி) வீட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். 11ஆம் மாடி. வெளிப்பக்கம் திறக்கிற ஜன்னல், முந்தின வருஷம்தான் மாற்றியது. இரவு வேலை முடிந்து வந்து காற்றுக்காகத் திறந்தேன். கைப்பிடியைத் தள்ளியதும் கை கனத்தது. மேல் கீல் விட்டுவிட்டது, கதவு அப்படியே வெளியே சாய்கிறது. இரண்டு கையாலும் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டேன். நேர் கீழே நடைபாதை, விடியற்காலையில் ஸ்கூல் பிள்ளைகள் போகிற வழி. பக்கத்து அறை அண்ணனைக் கத்திக் கூப்பிட்டு, அவர் தூக்கம் கலைந்து எழுந்து வரும்வரை அப்படியே நின்றேன். இரண்டு நிமிஷம்தான் இருக்கும். கை நடுக்கம் நிற்க மறுநாள் ஆனது.

கழற்றிப் பார்த்ததில், கீலைப் பிடித்திருந்தது அலுமினிய ரிவெட் (தட்டி இறுக்குகிற ஆணி). இங்கே 2004ஆம் ஆண்டிலிருந்தே இந்த மாதிரி ஜன்னலுக்கு அலுமினிய ரிவெட்டை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட் போட வேண்டும் என்று சட்டம். அங்கீகாரம் பெற்றவர்கள்தான் ஜன்னல் வேலை செய்யவும் வேண்டும். சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிற ஊரிலேயே குறைந்த காசுக்கு யாரையோ வைத்துச் செய்திருக்கிறார்கள். அறை வாடகைக்கு இருப்பவனிடம் யார் காட்டப் போகிறார்கள் எந்த ரிவெட் போட்டார்கள் என்று? இப்போது எந்த அறைக்குப் போனாலும் முதலில் கீலைத்தான் பார்க்கிறேன். வெள்ளியாக மங்கலாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும், ஒரு காந்தத்தை வைத்தும் பார்ப்பேன்.

ஜன்னல் மாட்டுகிறவன்:

தம்பி, காந்தத்தை நம்பாதீர்கள். அலுமினியத்திலும் ஒட்டாது, நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பெரும்பாலும் ஒட்டாது. ஜன்னலைத் திறக்கும் முன்னால் கதவு ஆடுகிறதா என்று லேசாக அசைத்துப் பாருங்கள், ஆடினால் தொடாமல் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.

அம்பத்தூர் செந்தில்:

ஜன்னல் மாட்டுகிற அண்ணனுக்கு நன்றி. நீங்கள் சொன்ன மாதிரிப் பூட்டு போனவாரம் வாங்கிப் போட்டேன், என் செலவில்தான். நிலையும் மாற்றியாகிவிட்டது. வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருப்பினாலே திறக்கிறது, அப்பாவைக் கூப்பிட்டுத் திறந்தும் காட்டினேன். நன்றாக இருக்கிறதுப்பா என்றார். ஆனாலும் இன்றுவரை பூட்டவில்லை. கதவின் மேல் துண்டைத் தொங்கவிட்டுவிட்டு, வெறுமனே சாத்திக்கொண்டுதான் குளிக்கிறார்.